வண்டி மேல கட்டுற ஃப்ளெக்ஸ் கடைசியில எங்க போகுது?



போன வாரம் கும்பகோணத்துலேர்ந்து குடவாசல் வர்ற வழியில முன்னாடி ஒரு குட்டியானை போய்க்கிட்டு இருந்துச்சு. கூரை மேல ஆளுயர இரும்பு ஃப்ரேம், சுத்தி ஜவுளிக்கடை ஃப்ளெக்ஸ், நடுவுல குழாய் ஸ்பீக்கர். எதிர்க்காத்துல ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி புடைக்குது, வண்டி முக்கி முனகிப் போகுது. படிச்ச படிப்பு சும்மா இருக்குமா? வேகம் ரெண்டு மடங்கானா காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். ஊருக்குள்ள ஊர்ந்து போறப்ப பெருசா தெரியாது, மெயின் ரோட்டுல அந்தப் பலகையை இழுக்குறதுக்கு மட்டுமே தனியா டீசல் எரியும். அந்தக் காசு டிரைவர் பாக்கெட்லேர்ந்துதான் போகுது.

அமெரிக்காவுல 2020-லயே ஊபர் நிறுவனம் கார் கூரை மேல டிஜிட்டல் திரை வெச்சு விளம்பரம் போட ஆரம்பிச்சிருச்சு. பெரிய நகரத்து டாக்ஸி சமாச்சாரம், நமக்கென்னன்னு விட்டுட முடியாது. நம்ம ஊர்ல அதே வேலையை குட்டியானையும் ஆட்டோவும், தேர்தல் வந்தா பிரச்சார வேனும் செய்யுது. அங்க திரை, இங்க ஃப்ளெக்ஸ். டீசல் புகையைக்கூட விடுங்க, அந்த ஃப்ளெக்ஸ்தான் பெரிய பிரச்சினை.

ஃப்ளெக்ஸ்ங்கிறது துணி கிடையாது. பாலியஸ்டர் நூல் வலைக்கு ரெண்டு பக்கமும் பிவிசி பூசின தாள். சுத்தமான பிவிசியோட எடையில சுமார் 57 சதவீதம் குளோரின். அது வளைஞ்சு கொடுக்கணும்னு வேற ரசாயனமும் சேர்க்கிறாங்க. நூலும் பிவிசியும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கிறதால பிரிச்சு மறுசுழற்சி பண்றது கஷ்டம். பழைய இரும்புக் கடைக்காரர் ஃப்ரேமை எடை போட்டு வாங்கிப்பார், ஃப்ளெக்ஸைக் கையால தொட மாட்டார். அப்புறம் அது எங்க போகும்? குப்பைமேட்டுக்குப் போகும், இல்லன்னா வாய்க்காலுக்கு. குப்பைமேட்டுல யாராவது நெருப்பு வெச்சா டையாக்சின் உருவாகும். காத்துல கலந்து புல்லுல படிஞ்சு, மாடு மேஞ்சு, பால் கொழுப்புல வந்து நிக்கிற நஞ்சு அது. வாய்க்காலுக்குப் போனா மதகை அடைக்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னாடி தூர்வாரும்போது வண்டலோட என்னென்ன வெளிய வருதுன்னு ஒரு நாள் கரையில நின்னு பாருங்க. நான் நின்னேன். சேறு வழிஞ்சு வந்த ஒரு ஃப்ளெக்ஸ்ல இருந்த டிசைன் நானே பண்ணினது. எழுத்து நிறம் மங்கியிருந்துச்சு, தலைவர் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்துச்சு.

2020-ல திருவாரூர் மாவட்டத்தையும் சேர்த்து டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க. ஹைட்ரோகார்பனுக்கு எதிரா இந்த மண்ணுல எவ்வளவு போராட்டம்! ஆனா அதே மண்ணுல நாமே பிளாஸ்டிக்கைக் கொண்டாந்து புதைக்கிறோம், அதுக்கு மட்டும் யாரும் கொடி பிடிக்கல.

சட்டம் இருக்கேன்னு கேப்பீங்க. 2019 ஜனவரி 1-லேர்ந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை. 2022 ஜூலை 1-லேர்ந்து நாடு முழுக்க 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனருக்கும் தடை. ஆனா நாம கட்டுற சாதாரண ஃப்ளெக்ஸ் அதைவிடக் கனமானது. அதனால தடை அதைத் தொடவே இல்ல. கேரளா 2019-லயே பிவிசி ஃப்ளெக்ஸுக்கு நேரடியா தடை போட்டுச்சு. நம்மால முடியாதா?

2019 செப்டம்பர் 12-ஐ மறந்திருக்க மாட்டீங்க. பள்ளிக்கரணையில ஒரு பேனர் சரிஞ்சு ஸ்கூட்டர்ல போன சுபஸ்ரீ மேல விழுந்துச்சு, பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிருச்சு. 23 வயசு, நம்மள மாதிரியே இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு. உடனே பெரிய கட்சிகள் எல்லாம் இனிமே பேனர் வைக்காதீங்கன்னு தொண்டர்களுக்குச் சொன்னாங்க. ஒரு மாசம்கூட ஆகல, மாமல்லபுரத்துல மோடி, ஷி ஜின்பிங் சந்திப்புக்குப் பேனர் வைக்க அரசே உயர் நீதிமன்றத்துல அனுமதி கேட்டு வாங்கிருச்சு. மத்தவங்களை மட்டும் சொல்லிட்டு நாம ஒதுங்கிக்க முடியாது. நம்ம ஒன்றியத்துல ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடக்கிறது நமக்குத் தெரியும்.

சில அண்ணன்கள் சொல்றாங்க, "தம்பி, ஃப்ளெக்ஸ் வீணாப் போகாது, கொள்முதல் நிலையத்துல நெல் மூட்டைக்குப் போர்த்துறாங்க, மாட்டுக்கொட்டகைக்கு மறைப்பு கட்டுறாங்க"ன்னு. உண்மைதான். மழையில நெல்லு நனையாம காப்பாத்தினதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா விவசாயிக்குத் தேவை நல்ல தார்ப்பாய். நாம கட்டிட்டுக் கழிச்சுப் போட்ட ஃப்ளெக்ஸ் ரெண்டு கோடை வெயில்ல நொறுங்கித் துண்டு துண்டா வயல்லயே உதிரும்.

அதனால நம்ம ஒன்றியத்துலேர்ந்தே ஆரம்பிப்போம். அடுத்த கூட்டத்துக்குப் பிரச்சார வண்டிக் கூரையில துணி பேனர் மட்டும். ஃப்ரேம் டிரைவர் கேபின் உயரத்தைத் தாண்ட வேணாம். ஊர்ச் சுவர்ல உரிமையாளர்கிட்ட கேட்டு எழுதுவோம். ஃப்ளெக்ஸ் வந்து வேலை இழந்த ஓவியர் அண்ணன்கள் இன்னும் நம்ம ஊர்லயே இருக்காங்க, அவங்களைக் கூப்பிடுங்க. அச்சுக்கடைத் தம்பிகளுக்கும் நஷ்டம் இல்ல, துணியிலயும் அச்சடிக்கலாம். செலவு கூடும்தான். பத்து இடத்துல கட்டுறதை மூணு இடத்துல கட்டுனா கணக்கு சரியாகிடும். வரவேற்புல உங்க பேர் விட்டுப்போச்சுன்னு கோவிச்சுக்காதீங்க, நம்ம பக்கத்துல எல்லார் பேரையும் போட்டுடுறேன்.

டிசைன் கேட்டு மெசேஜ் பண்ற நிர்வாகிகள் இனிமே துணி அளவை அனுப்புங்க. ஃப்ளெக்ஸ் அளவு வந்தா டிசைன் வராது.

- தகவல் தொழில்நுட்ப அணி, குடவாசல்