பாட்டனாரின் கணக்கேடு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூலொன்றை அச்சிட்டு வழங்குவது நெடுநாளைய வழக்கம். மறைந்தவரின் கல்வி, உத்தியோகம், மக்கள், மருமக்கள் ஆகிய விபரங்கள் அதிற் செய்யுளாகவும் உரைநடையாகவும் இடம்பெறும். எம் பாட்டனாருக்கும் அவ்வாறே ஒன்று வெளிவந்தது. கொழும்பில் அரசாங்கக் கணக்காளராயிருந்து இளைப்பாறியவர், பேரப்பிள்ளைகள்மீது பேரன்பு கொண்டவர் என அது கூறிற்று. கூறியது மெய்யே. ஆயினும் அவரை முழுவதும் அறிய விரும்புவோர் அவருடைய கணக்கேடுகளையே பார்த்தல் வேண்டும்.

ஒவ்வோர் இரவும் விளக்கடியில் அமர்ந்து அன்றைய வரவு செலவைச் சதம் பிசகாமல் எழுதுவார். கந்தோரை விட்ட பின்பும் அவ்வழக்கம் அவரை விடவில்லை. 1494இல் வெனிஸ் நகரில் வெளியான தமது நூலில் லூக்கா பாச்சியோலி என்னும் துறவி இரட்டைப் பதிவு முறையை விளக்கினார் என்பதை எமக்கு முதலிற் சொன்னவரும் அவரே. “பெற்றவன் ஒருவன் உண்டெனில் கொடுத்தவன் ஒருவனும் உண்டு; இருவரையும் எழுதினாற்றான் கணக்கு” என்பார்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, பாட்டனார் துணிமூட்டைக்குள் அக்கணக்கேட்டையும் வைத்துக்கொண்டார். “உயிர் தப்பினாற் போதாதா, அப்பா? இந்தக் கொப்பி எதற்கு?” என்று அன்னை கடிந்தார். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த ஆண்டு ஊர் திரும்பியதும், அயலிலிருந்த பலசரக்குக் கடைக்காரரைத் தேடிச் சென்று, இடம்பெயருமுன் கடனாக வாங்கிய அரிசிக்கும் சீனிக்கும் உரிய பணத்தைக் கொடுத்தார். கடைக்காரரின் கடன் கொப்பியோ கடையோடு அழிந்துபோயிற்று. எவர் எவ்வளவு தரவேண்டுமென்பது அவருக்கே நினைவில்லை. “ஐயா, நீங்கள் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திராதே” என்று அவர் கண்கலங்கினார். “எனக்குத் தெரியுமே” என்றார் பாட்டனார்.

அவ்வேடுகளில் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கெனத் தனிப்பக்கம் ஒன்று உண்டு. கொப்பி, சப்பாத்து, பரீட்சைக் கட்டணம், பிறந்தநாள்தோறும் சேமிப்பு வங்கியில் இட்ட சிறுதொகை என யாவும் திகதியுடன் பதியப்பட்டுள்ளன. மற்றெல்லாப் பக்கங்களின் அடியிலும் கூட்டுத்தொகை இருக்கிறது; இப்பக்கத்தில் மட்டும் இல்லை. ஆயுள் முழுதும் கணக்கெழுதிய கை அதனை மறந்திராது. பிறரிடம் பெற்றதைச் சதக் கணக்கில் நினைவிற்கொண்டவர், எமக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்க்க விரும்பவில்லை.

மாணவ நேயர்களே, உங்கள் வீட்டு முதியோரின் பழைய கொப்பிகளைக் குப்பையென எரித்துவிடாதீர்கள். அவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து, அவற்றைப் படித்துக்காட்டும்படி கேளுங்கள். கல்வெட்டு எழுதும் நாள் வரும்போது, புகழ்மொழி தேடி நீங்கள் அலையவேண்டியிராது.