மச்சான் கொண்டு வந்த வக்கீல்

சொந்தத் தொழிலை "பிரைவேட் லிமிடெட்" ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை அம்பத்தூர், கிண்டி பட்டறைகள் வரை வந்துவிட்டது. வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால், "வக்கீல் எதுக்குங்க? எல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிஞ்சிடுதே!" என்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது.

பதிவு செய்வது இன்று கஷ்டமே இல்லை. ஒரு லட்ச ரூபாய் மூலதனம் கட்டாயம் என்ற நிபந்தனையை 2015-ல் எடுத்துவிட்டார்கள். 2020 முதல் பெயர், பதிவு, பான் எண் எல்லாம் ஒரே மனுவில். இரண்டு பேர் இருந்தால் போதும். மனுவுக்குச் சான்று தர ஆடிட்டரோ, கம்பெனி செக்ரட்டரியோ போதும்.

சிக்கல் பிறகுதான்.

ஒரு பட்டறைக்காரரும் அவருடைய மச்சானும் சேருகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் போடுகிறார். மற்றவர் உழைப்பைப் போடுகிறார். "ஆளுக்குப் பாதி!" கம்பெனி விதிகள்? எவருக்கோ எழுதிய மாதிரியில் அப்படியே கையெழுத்து.

நாலு வருஷத்தில் தகராறு. ஒருவர் மெஷின் வாங்கலாம் என்கிறார். மற்றவர் கூடாது என்கிறார். பாதிக்குப் பாதி ஓட்டு. தீர்மானம் எப்படி நிறைவேறும்? விலகுகிறவர் பங்கை யார் வாங்குவது, என்ன விலைக்கு? ஒருவர் கண்ணை மூடினால் அவர் குடும்பத்துக்கு என்ன? ஒரு வரிகூட எழுதவில்லை. கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியதுதான். நகை மட்டும் அடகுக் கடையிலேயே இருக்கும்!

இதையெல்லாம் முதலிலேயே கேட்டு எழுதத்தான் வக்கீல். அவரும் மச்சான் அழைத்து வந்தவராக இருந்தால்? அவர் கம்பெனிக்கு வக்கீலா, மச்சானுக்கு வக்கீலா? பணம் போடுகிறவர் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். பத்திரத்தைத் தனியாக இன்னொரு வக்கீலிடம் காட்டினால் மச்சானுக்குக் கோபம் வரலாம். வந்துவிட்டுப் போகட்டும்.

"லிமிடெட்" என்றால் வீடு தப்பும் என்பதும் பாதி உண்மைதான். கடன் தரும் பாங்கி டைரக்டரிடம் சொந்த ஜாமீன் கேட்கும். போட்டால், கம்பெனிக் கடன் வீட்டு வாசலுக்கே வரும்.

ஆண்டுக் கணக்கும் அறிக்கையும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் தினம் 100 ரூபாய். இரண்டும் ஒரு வருஷம் தாமதமானால் 73 ஆயிரம்! 2017-ல் கணக்குக் காட்டாமல் கிடந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரை மத்திய அரசு அடித்தது.

"மலிவு விலையில் கம்பெனி" என்று விளம்பரம் வருகிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அப்படியானால் அந்த விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று விசாரிப்பது நல்லது.

பட்டறைக்காரர்களுக்குப் பெரிய வக்கீல் பீஸ் கட்டுபடியாகாது. மறுப்பதற்கில்லை. தொழிற்பேட்டைகளில் வாரம் ஒருநாள் வக்கீல் உட்கார்ந்து யோசனை சொல்ல மாவட்டத் தொழில் மையம் ஏற்பாடு செய்ய வேண்டும். பங்குதாரர் ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்றைத் தமிழில் அச்சடித்து அங்கேயே கொடுக்க வேண்டும்.