பிளக்கு புதுசு, வயரு புதுசு, நடுக்கமும் புதுசு!

இன்னைக்கு வந்திருக்கறது ஒரு சண்டையோட. யார்கூடன்னு கேக்கறீங்களா? "புதுசு போட்டாச்சுங்ணா, அதுல ஒண்ணும் இருக்காது" அப்படிங்கற ஒத்த வரியோட!

நம்மகிட்ட ஒரு மாருதி 800 இருக்கு. 1998 மாடல், கார்பரேட்டர் வண்டி, அப்பா வாங்குனது. கம்பெனி 800 தயாரிக்கறதை 2014ல நிறுத்திட்டாலும், நம்ம வண்டி இன்னும் ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் ஓடிட்டுத்தான் இருக்கு. காலையில ஸ்டார்ட் ஆக அடம் புடிக்குதேன்னு சேலத்துல ஒரு பட்டறையில விட்டேன். மூணு பிளக்கு, பிளக் வயர் செட்டு, எல்லாம் புதுசு. பில்லும் கொடுத்தாங்க, பழைய பிளக்கையும் காலி டப்பாவையும் சீட்டுக்கு அடியில வச்சும் கொடுத்தாங்க. நேர்மையில குறையே இல்லை.

திரும்பி வரும்போது அஞ்சு ரோட்டு சிக்னல்ல நின்னேன் பாருங்க... வண்டி மலேரியா வந்த மாதிரி நடுங்குது. ஸ்டியரிங் ஆடுது, கண்ணாடி ஆடுது, பக்கத்துல உக்காந்திருந்த வீட்டம்மா "செலவு பண்ணி கெடுத்துட்டு வந்தீங்களா?"ன்னு ஒரு பார்வை. ஆனா 60ல போனா ஒண்ணுமே தெரியல. நின்னா மட்டும்தான் நடுக்கம்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். காதைக் கொடுத்துக் கேட்டுட்டு தம்பி சொன்னது: "கார்பரேட்டர் போயிருச்சுங்ணா. 4,500 ஆகும். அப்படியும் நிக்கலைன்னா வால்வு பாக்கணும்." "ஏப்பா, நேத்து வரைக்கும் நல்லா நின்ன வண்டி, பிளக்கு மாத்துன அன்னைக்கேவா கார்பரேட்டர் போகும்?"னு கேட்டேன். அதுக்கு வந்த பதில்தான் மேல சொன்ன அந்த வரி. கூடவே இலவச இணைப்பா, "பழைய வண்டின்னா அப்படித்தானுங்ணா."

இந்த ரெண்டு வரியையும் எத்தனை பேரு கேட்டிருப்பீங்க? கேட்டுட்டு எத்தனை பேரு பணத்தைக் கட்டிட்டு வந்திருப்பீங்க? நானும் கட்டியிருப்பேன். தடுத்தது எங்க தெருவுல இருக்கற ஒரு மாமா. நாமக்கல்ல முப்பது வருஷம் லாரி மெக்கானிக். டீசல் ஆளு. டீசல் இன்ஜின்ல பிளக்குப் பொறியே கிடையாது, காத்தை நெருக்குற சூட்டுலயே எண்ணெய் பத்திக்கும். அதனால அவரு பெட்ரோல் காரைத் தொட்டதே அபூர்வம். ஆனா அவரு கேட்ட முதல் கேள்வியப் பாருங்க:

"கடைசியா எதுல மாப்ள கை வெச்சாங்க?"

அவ்வளவுதான். இந்தக் கேள்விக்குக் கோயில் கட்டலாம். கெட்டது எப்பன்னு தெரிஞ்சா, எங்க தேடறதுன்னு பாதி தெரிஞ்சமாதிரி.

அடுத்து அவரு சொன்னது பழைய லாரி வைத்தியம். ஆறு சிலிண்டர் லாரி மிஸ்ஸிங் அடிச்சா, ஓடிட்டு இருக்கும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணுவாங்களாம். நல்ல சிலிண்டரை லூஸ் பண்ணா சத்தம் மாறும், இன்ஜின் இன்னும் தடுமாறும். எதை லூஸ் பண்ணா ஒண்ணுமே மாறலையோ, அதுதான் செத்த சிலிண்டர். முட்டை லோடோட நிக்கற லாரிக்கு மொத்த நாசிலையும் கழட்டிப் பாக்க ஏது நேரம்? எது கெட்டதுன்னு முதல்ல தெரியணும், அப்புறம்தான் ஸ்பேனர்.

அதையே பெட்ரோலுக்குப் பண்ணோம். இன்ஜினை நிறுத்திட்டு, ஒரு வயரைக் கழட்டி, அதுல பழைய பிளக்கை மாட்டி, பிளக்கோட இரும்பு உடம்பு இன்ஜின் இரும்புல படற மாதிரி வச்சுட்டு ஸ்டார்ட். ஒண்ணாவது வயர்: நடுக்கம் இன்னும் அதிகம். ரெண்டாவது: அதிகம். மூணாவது: ஒரு மாற்றமும் இல்லை! ஆனா வெளிய வச்ச பழைய பிளக்குல பளிச்சுனு பொறி வருது. அப்ப வயர் நல்ல வயர். கோளாறு உள்ள இருக்கற புது பிளக்குல.

டார்ச் அடிச்சுப் பாத்தா, மூணாவது பிளக்கு உச்சியில மொட்டையா மரை மட்டும் நிக்குது. தொப்பி நட்டைக் காணோம். சில பிளக்குகள்ல உச்சியில ஒரு குட்டி நட்டு தனியா திருகி வரும். பல பைக் கேப்புக்கு அந்த நட்டு வேண்டாம், மரையிலயே மாட்டும். பெரும்பாலான கார் வயருக்கு நட்டு கட்டாயம். அது இல்லைன்னா வயர் மேல சும்மா தொங்கும், பொறி இஷ்டப்பட்டா பாயும், இல்லைன்னா இல்லை. சீட்டுக்கு அடியில இருந்த காலி டப்பாவைக் கவிழ்த்தேன். டக்குனு விழுந்துச்சு நட்டு! கார்பரேட்டர்ல இருந்து வால்வு வரைக்கும் பழி வாங்குன நட்டு. முறுக்கி மாட்டுனோம். வண்டி தையல் மிஷின் மாதிரி நிக்குது.

"ஓட்டும்போது தெரியலையே, நின்னா மட்டும் ஏன்?"னு கேப்பீங்க. 800ல மூணே சிலிண்டர். நிமிஷத்துக்கு 900 சுத்துல நின்னா, சிலிண்டருக்கு 450 பொறி, மொத்தம் 1,350. ஒரு சிலிண்டர் படுத்துட்டா மூணுல ஒரு அடி காலி. வேகமா சுத்தும்போது அந்தக் காலியை ஃப்ளைவீலோட வேகம் இழுத்து மறைச்சிரும். மெதுவா நிக்கும்போது மறைக்க ஆளில்லை. போதாததுக்கு, ஐட்லிங்ல உள்ள போற கலவையும் கம்மி, எரிஞ்ச புகையும் அதுல கலந்திருக்கும். பத்த வைக்கறதே கஷ்டம், பொறி கொஞ்சம் சோர்ந்தாலும் காட்டிக் கொடுத்துரும்.

எல்லா வண்டியிலயும் நட்டுதான் காரணம்னு சொல்ல வரலைங்க. ஆனா பிளக்கும் வயரும் மாத்துன கையோட நடுங்குனா, காசு செலவில்லாம பாக்க வேண்டியது நிறைய இருக்கு. வயர் ரெண்டு முனையிலயும் 'டக்'னு உக்காந்திருக்கா? வரிசை மாறலையே? 800க்கு 1-3-2, அம்பாசடர், பத்மினிக்கு 1-3-4-2. ஸ்பேனரைச் சாய்ச்சுப் போட்டதுல பீங்கான் கீறல் விழுந்திருக்கா? கேப்பு மேனுவல்ல சொன்ன அளவா? ஃபீலர் கேஜ் என்ன பெரிய விலையா? நம்பர் சரியா? என்ஜிகேல நம்பர் ஏற ஏற பிளக்கு குளிர்ச்சி, பாஷ்ல ஏற ஏற சூடு. ரெண்டும் நேர் எதிர், கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னா நம்பாதீங்க. கை போன வழியில ஏதாவது வேக்கம் ஹோஸ் கழண்டு 'உஸ்'ஸுங்குதா? ராத்திரி லைட்டை அணைச்சுட்டு பானெட்டைத் திறங்க, வயர்ல கரன்ட் கசிஞ்சா நீலமா மின்னும். ஓடற வண்டியில வயரை மட்டும் கையில புடிச்சுறாதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட் அது.

இதையெல்லாம் பாக்க அரை மணி. பாக்காம கார்பரேட்டரைக் கழட்டுனா 4,500. அப்ப ஏன் பாக்கறதில்லை? இங்கதான் நம்ம பக்கமும் அடி வாங்கணும் மக்களே. பட்டறைத் தம்பி கெட்டவன் இல்லை. அரை மணி யோசிச்சு நட்டை மாட்டிட்டு "500 கொடுங்ணா"ன்னு கேட்டிருந்தா நான் கொடுத்திருப்பேனா? "ஒரு நட்டுக்கு 500ஆ?"ன்னு சண்டைக்குப் போயிருப்பேன். அதே நான், 4,500க்கு பில்லு நீட்டுனா வாயை மூடிட்டு கட்டத் தயாரா இருந்தேன். பொருளுக்குக் கொடுக்கறோம், மூளைக்குக் கொடுக்கறதில்லை. அப்புறம் அவன் யோசிக்கப் பழகுவானா, பொருளை மாத்தப் பழகுவானா? லாரி கட்டற ஊரு, ரிக்கு வண்டி கட்டற ஊருன்னு நாமக்கல், திருச்செங்கோட்டைப் பத்தி பெருமை பேசறோம். அந்தப் பெருமை இரும்புல இல்லைங்க, கோளாறை நின்னு தேடுன காதுலயும் கையிலயும் இருந்துச்சு.

அதனால சொல்றேன்: அடுத்த தடவை பட்டறைக்குப் போனா "என்ன மாத்தணும்?"னு கேக்காதீங்க. "என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு, அதுக்குத் தனியா காசு"ன்னு சொல்லுங்க. சொன்னபடி கொடுங்க.

நான் அன்னைக்கே மாமாகிட்ட 500 ரூவா நீட்டுனேன். அவரு சிரிச்சுட்டே தள்ளிட்டாரு. "ஒரு நட்டு முறுக்குனதுக்கா மாப்ள?"

அட போங்க மாமா, நீங்களுமா!

டிஸ்கி: நாசில் பைப் நட்டை லூஸ் பண்றது பழைய பம்ப்பு வண்டி வைத்தியம். இப்ப வர்ற காமன் ரெயில் டீசல்ல அதைத் தொடவே கூடாது. 1,000 பாருக்கு மேல பிரஷர், தோலைக் கிழிச்சு உள்ள போயிரும். பெட்ரோல்லயும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தா வயரைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் அதைக் காலி பண்ணிரும், அப்புறம் 4,500லயும் முடியாது!