முதல் படி நம் வாசலில்தான் இருக்கிறது!

2025 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த தேர்தலில் துணை ஆளுநராக ஒரு முஸ்லிம் பெண்மணி வெற்றி பெற்றார். பெயர் கஸாலா ஹாஷ்மி. பிறந்தது நமது ஐதராபாத்தில். சிறு குழந்தையாகப் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சரைப் போன்றவர்; அவரையும் துணை ஆளுநரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாநிலமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிக்கு அமெரிக்காவில் வந்த முதல் முஸ்லிம் பெண் இவர்தான்.

செய்தி வந்ததும் நமது இளைஞர்கள் மகிழ்ந்தார்கள். 'மாஷா அல்லாஹ்' என்று சொல்லி ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் சகோதரர்களே, அந்தப் பெண்மணி எந்த வழியாக அந்த நாற்காலிக்கு வந்தார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

அவர் இலக்கியம் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 2017-இல் அதிபர் டிரம்ப், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதித்தார். 'இனியும் சும்மா இருக்கக் கூடாது' என்று அவரைத் தேர்தல் களத்துக்கு இழுத்து வந்தது அந்தத் தடைதான். 2019-இல் மாநில மேலவைத் தேர்தலில் நின்று, பதவியில் இருந்தவரையே தோற்கடித்தார். ஆறு ஆண்டுகள் அந்த அவையில் உழைத்தார். அதன் பிறகே இந்தப் பதவி.

மாடியில் யாரும் குதிக்கவில்லை

அமெரிக்க அரசியலில் பெயர் பெற்ற பெண்களின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பாடம்தான் கிடைக்கும். சிறிய படியில் கால் வைத்து, அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்து, மக்களிடம் பெயர் வாங்கி, அடுத்த படிக்கு ஏறியிருக்கிறார்கள்.

ஷெர்லி சிஷம் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1964-இல் நியூயார்க் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஆனார். பேட்டி மரே தமது ஊரின் பள்ளிக் குழு உறுப்பினராகத் தொடங்கி, மாநில மேலவை வழியாக, 1992-இல் நாட்டின் செனட் சபைக்குச் சென்றார். பள்ளிக்கூடக் குழுதான் அவருடைய முதல் படி!

நான்சி பெலோசி அரசியல் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனாலும் ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கட்சியின் அடிமட்ட வேலைகளைச் செய்தவர். 1987-இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குச் சென்றபோது அவருக்கு வயது 47. இருபது ஆண்டுகள் கழித்து, 2007-இல், அவையின் முதல் பெண் சபாநாயகர் ஆனார். 'பிள்ளைகுட்டிகளோடு இருக்கிற பெண்ணுக்கு அரசியல் எதற்கு?' என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

கமலா ஹாரிஸ் நமக்கு இன்னும் நெருக்கமான கதை. தாயார் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண். தாத்தாவின் பூர்வீகம் மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம். 1990-இல் ஒரு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சாதாரண வழக்கறிஞராகச் சேர்ந்தார். 2004-இல் சான் பிரான்சிஸ்கோ மாவட்டத் தலைமை வழக்கறிஞர், 2011-இல் கலிபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞர், 2017-இல் செனட் உறுப்பினர், 2021-இல் துணை அதிபர். 2024-இல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். முப்பத்து நான்கு ஆண்டு உழைப்புக்குப் பிறகும் வெற்றி உறுதியில்லை என்பதும் இந்த ஏணியின் ஒரு பாடமே.

இல்ஹான் உமர் சோமாலியாவின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி, கென்யாவின் அகதி முகாமில் வளர்ந்த சிறுமி. ரஷீதா தலைப் பாலஸ்தீனப் பெற்றோருக்கு டெட்ராய்ட் நகரில் பிறந்த, பதினான்கு பிள்ளைகளில் மூத்தவர். இருவருமே முதலில் மாநில சட்டமன்றத்தில் இருந்துவிட்டுத்தான் 2018-இல் நாடாளுமன்றத்துக்கு வென்றார்கள். அந்த அவையில் தலையை மூடும் எதையும் அணியக் கூடாது என்று 1837-இல் போட்ட விதி ஒன்று இருந்தது. 181 ஆண்டுகள் அசையாமல் கிடந்த அந்த விதி, இல்ஹான் உமரின் முக்காட்டுக்காக 2019 ஜனவரியில் திருத்தப்பட்டது. வெளியே நின்று கூச்சல் போட்டிருந்தால் மட்டும் அது மாறியிருக்காது. மக்கள் வாக்கோடு உள்ளே சென்றதால் மாறியது.

கைதட்டுவதற்கு முன்

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் ஒருவர் பதவிக்கு வந்துவிட்டாலே நீதி வந்துவிடாது. மேடலின் ஆல்பிரைட் ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்து, பேராசிரியையாக இருந்து, 1997-இல் அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் ஆனவர். அதற்கு முந்தைய ஆண்டு, ஐ.நா. தூதராக இருந்தபோது, ஈராக் மீதான பொருளாதாரத் தடையால் ஐந்து லட்சம் குழந்தைகள் மடிந்ததாகச் சொல்கிறார்களே என்று தொலைக்காட்சியில் கேட்கப்பட்டது. அந்த விலை தகும் என்ற பொருளில் பதில் சொன்னார்! பின்னாளில் அப்படிச் சொன்னதற்காக வருந்தினார். ஆகவே நாம் பார்க்க வேண்டியது ஆணா பெண்ணா என்பதை மட்டுமல்ல; அந்த இடத்தில் அமர்ந்து யாருக்காகப் பேசுகிறார் என்பதையும்தான்.

நம் நாட்டிலும் இந்த ஏணி உண்டு

'அது அமெரிக்கா, இது இந்தியா' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறியது 1920-இல். நமது சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1921-இல். ஓராண்டுதான் வித்தியாசம்! அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவராக அமர்ந்துவிட்டார்.

நமது சமுதாயத்திலேயே பாருங்கள். நீதிபதி பாத்திமா பீவி கேரளத்தின் பத்தனம்திட்டையில் பிறந்தவர். சட்டம் படிக்கச் சொல்லி ஊக்கம் தந்தவர் அவருடைய தந்தை மீரா சாகிப். 1950-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1958-இல் முன்சீப். பிறகு சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி, 1983-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1989-இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்திலேயே முதல் பெண் நீதிபதி! 1997 முதல் 2001 வரை நமது தமிழகத்தின் ஆளுநர். 2001-இல் ஆளுநராக அவர் எடுத்த முடிவுகள் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, பதவி விலகினார் என்பதும் வரலாறே. ஆனால் முன்சீப் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை முப்பத்தொரு ஆண்டுகள் படிப்படியாக ஏறிய அந்தப் பயணத்தை யாரும் அழிக்க முடியாது. 2023-இல் தமது 96-ஆவது வயதில் மறைந்தார்.

அஸ்ஸாமில் சையிதா அன்வரா தைமூர் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். 1972-இல் சட்டமன்ற உறுப்பினர், பிறகு அமைச்சர், 1980 டிசம்பரில் முதலமைச்சர். இந்தியாவில் ஒரு மாநிலத்தின் முதலமைச்சரான முதல் முஸ்லிம் பெண் அவர். அப்படிப்பட்டவரின் பெயரே 2018-இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டு வரைவில் இல்லை! பட்டியல் எழுதும் இடத்திலும் சரிபார்க்கும் இடத்திலும் நம்மவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தமிழகத்தில், மருத்துவரான நிலோபர் கபீல் வாணியம்பாடி நகராட்சித் தலைவராக இருந்து, 2016-இல் சட்டமன்ற உறுப்பினராகி, தொழிலாளர் நலத்துறை அமைச்சராகவும் ஆனார். வழக்கறிஞர் பதர் சயீத் வக்ஃபு வாரியத் தலைவராக இருந்தவர். 2006-இல் திருவல்லிக்கேணியில் வென்று சட்டமன்றம் சென்றார். வழி இருக்கிறது. நடப்பவர்கள்தான் குறைவு. நடக்க விடுபவர்கள் அதைவிடக் குறைவு!

நமது கணக்கைப் பார்ப்போம்

விடுதலைக்குப் பிறகு இத்தனை பொதுத் தேர்தல்கள் நடந்தும், மக்களவைக்குச் சென்ற முஸ்லிம் பெண்களின் மொத்த எண்ணிக்கை இருபதைத் தாண்டவில்லை. பழி முழுவதையும் பெரிய கட்சிகள் மீதே போட்டுவிடலாமா? கேரளத்தில் முஸ்லிம் லீக் 1996-இல் கமருன்னிசா அன்வரைச் சட்டமன்ற வேட்பாளராக நிறுத்தியது. அவர் தோற்றார். அடுத்த பெண் வேட்பாளராக நூர்பினா ரஷீத் நிறுத்தப்பட்டது 2021-இல். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள்! ஆண் வேட்பாளர் ஒருவர் தோற்றால், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஆண்களே வேண்டாம் என்று யாராவது முடிவு செய்கிறார்களா?

2023 செப்டம்பரில் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதா நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. எதிர்த்த இருவரும் முஸ்லிம் உறுப்பினர்கள். பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் உள் ஒதுக்கீடு இல்லையே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் நாளையே அந்த உள் ஒதுக்கீடு கிடைத்தால், நிறுத்துவதற்கு நம்மிடம் பயிற்சி பெற்ற சகோதரிகள் எத்தனை பேர்? உரிமை கேட்கும் வாய், ஆளையும் தயார் செய்ய வேண்டாமா?

பெயர்ப்பலகை மட்டும் அவருடையதா?

முதல் படி வாஷிங்டனிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை. நமது ஊராட்சியில் இருக்கிறது. தமிழகத்தில் 1996 உள்ளாட்சித் தேர்தலிலேயே பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்துவிட்டது. 2016-இல் அது சரிபாதியாக உயர்த்தப்பட்டது. 2021 அக்டோபரில் நமது காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தல் அந்தச் சரிபாதிக் கணக்கில்தான் நடந்தது. அதாவது திருப்புட்குழியிலிருந்து உத்திரமேரூர் வரை, ஊராட்சிப் பொறுப்புகளில் பாதி பெண்களுக்கு.

இதே உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊர்ச் சபைக்கு வர நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் வரக் கூடாது என்கிறது. அருமையான விதி! ஆனால் அந்தக் குடத்தில் பெண்ணின் பெயர் எழுதிய ஓலை விழுந்ததில்லை. ஏழையின் ஓலையும் விழுந்ததில்லை. இன்று சட்டம் அந்த ஓலையைப் போட்டுவிட்டது. நாம் என்ன செய்கிறோம்?

இடம் பெண்களுக்கு என்று அறிவித்ததும், மனைவியையோ தாயையோ மனுத்தாக்கல் செய்யச் சொல்கிறோம். சுவரொட்டியில் அவர் படத்தைவிடக் கணவரின் படம் பெரிதாக இருக்கிறது. வென்ற பிறகு கூட்டத்துக்குக் கணவர் போகிறார், ஒப்பந்ததாரரிடம் கணவர் பேசுகிறார், காசோலையில் கையெழுத்து மட்டும் அந்த அம்மாவுடையது. நாளைக்குத் தணிக்கையில் தவறு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? கையெழுத்துப் போட்டவர்தானே! இது நமது சமுதாயத்தின் நோய் மட்டுமல்ல. நாடெங்கும் பரவிய நோய். இதை ஆராய மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமே 2023-இல் குழு அமைத்தது. அதற்காக நாமும் அப்படியே இருக்கலாம் என்று பொருளா?

வணிகச் சகோதரர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் மகனை முதல் நாளே கல்லாவில் உட்கார வைக்கிறீர்களா? பொட்டலம் மடிக்கச் சொல்கிறீர்கள். கொள்முதலுக்கு அழைத்துப் போகிறீர்கள். பற்று வரவு எழுதப் பழக்குகிறீர்கள். நான்கைந்து ஆண்டு கழித்துத்தான் சாவியைக் கொடுக்கிறீர்கள். மகளுக்கு மட்டும் எந்தப் பழக்கமும் தராமல், ஒரே நாளில் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, 'அதுக்கு என்ன தெரியும்?' என்று சொல்வது என்ன நியாயம்? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் பெரும் வணிகராக இருந்தார்கள் என்று மேடைதோறும் பெருமை பேசும் நாம், நம் வீட்டுப் பெண்ணிடம் ஒரு வரவுசெலவு நோட்டைக் கூடக் கொடுப்பதில்லையே!

இன்றே செய்யக் கூடியவை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. முதலில் அங்கே நம் பெண்கள் போகட்டும். குடிநீர், தெருவிளக்கு, ரேஷன், வீட்டு வரி பற்றி எழுந்து கேள்வி கேட்கட்டும். அங்கே இரண்டு முறை பேசியவருக்குப் பத்து மேடையில் பேசும் துணிவு வந்துவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் தாய்மார்கள் சேரட்டும். பேட்டி மரேயின் முதல் படியும் பள்ளிக் குழுதானே! சட்டம் படிக்க விரும்பும் பெண்பிள்ளைக்கு ஜமாஅத்தும் வசதியுள்ள வணிகர்களும் உதவித்தொகை தரட்டும். ஒரு மீரா சாகிப் வீட்டிலிருந்து ஒரு பாத்திமா பீவி வந்தார். ஊருக்கு ஒரு மீரா சாகிப் இருந்தால்?

வென்ற சகோதரிகளோ தாமே கூட்டத்துக்குப் போகட்டும். படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். கணவர் துணைக்கு வரட்டும்; வாசலோடு நிற்கட்டும். சமுதாய அமைப்புகளும், நம்மையும் சேர்த்தே சொல்கிறோம், அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு பெண் வேட்பாளரைத் தேடி ஓட வேண்டாம். இப்போதே பொறுப்புக் கொடுத்துப் பழக்க வேண்டும்.

வர்ஜீனியாவில் ஒரு ஐதராபாத் பெண் வென்றதற்கு நாம் இனிப்பு வழங்கலாம். அது எளிது, அதில் நமக்கு ஒரு செலவும் இல்லை. நம் தெருப் பெண் வார்டு உறுப்பினராக எழுந்து நின்று பேசும்போது, நாம் வாயை மூடிக் கேட்போமா? அதுதான் கடினம். நாம் தேற வேண்டிய தேர்வும் அதுதான்!