டொமைன் யார் பேரில் இருக்கு?

சொந்தமாக ஓர் இணையத்தளம் தொடங்குவது கஷ்டமான வேலை இல்லை. ஒரு பின்னேரம் போதும். பெயரை வாங்கி, வேர்ட்பிரஸை ஏற்றி, முதல் கட்டுரையைப் போட்டுவிடலாம் (லோகோவுக்காகப் பிடிக்கிற சண்டை மட்டும் மூன்று நாள் போகும்). கஷ்டம் பதின்மூன்றாவது மாதத்தில்தான் வருது.

அப்போதுதான் டொமைனைப் புதுப்பிக்க வேணும். டொட் கொம் பெயர் என்றால் பெரும்பாலும் டொலர் கணக்கு. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பத்து டொலர் பில் 2,000 ரூபாயிலிருந்து 3,600 ஆகிப்போனது. எங்களுக்கு வருகிற மஹாபொல காசு அப்படி ஏறவில்லையே!

காசு சேர்ந்தாலும் வெளிநாட்டுக்குக் கட்டக்கூடிய கார்ட் கம்பஸில் யாரிடம் இருக்கு? ஆகவே யாரோ ஒருத்தருடைய அண்ணனின் கார்டில், அவருடைய மெயில் முகவரியில் வாங்குவார்கள். அண்ணன் கட்டாருக்குப் போய்விடுவார். பழைய மெயிலைத் திறக்கவே மாட்டார். நினைவூட்டல் எல்லாம் அங்கேதான் போய்க் குவியும். காலாவதியான பிறகு கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. அதுவும் போனால் கூடுதல் காசு கட்டி மீட்க 30 நாள். அதற்கும் பிறகு அந்தப் பெயரை யாரும் வாங்கலாம். நாலு வருஷக் கவிதைகள் இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் வந்து உட்காரும்.

பேஸ்புக் பக்கம் இலவசம்தானே, எதுக்கு இந்த வம்பு என்று கேட்கலாம். குண்டசாலையில் இருந்துகொண்டு அதைக் கேட்பது கொஞ்சம் கஷ்டம். 2018 மார்ச்சில் பக்கத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரமளவில் முடக்கியது. வெறுப்பு அங்கேதான் பரவியது என்பது உண்மை. ஆனால் நிதானமாக எழுதியவர்களின் இடமும் அதோடு சேர்ந்தே மூடப்பட்டது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இதே கதை. சொந்தத் தளம் இருந்தால் தப்பலாம் என்றும் சொல்ல முடியாது, 2007இல் தமிழ்நெட்டையே இலங்கைக்குள் பார்க்க முடியாமல் செய்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: சொந்தத் தளத்தில் உள்ளதை முழுசாகப் பிரதி எடுத்து இன்னோரிடத்தில் ஏற்றலாம்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை தேடல். 2023இல் மலையகம் 200ஐ ஒட்டி தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நாட்களில் நாங்கள் வாசித்த எத்தனையோ நல்ல குறிப்புகள் பேஸ்புக் பதிவாகவும், படத்துக்குள் எழுத்தாகவும் வந்தவை. இப்ப கூகுளில் தேடிப் பாருங்கள். ஒரு தங்கச்சி தன் ஆய்வுக்கு மேற்கோள் காட்ட ஓர் இணைப்புக்கூடக் கிடைக்காது. இருநூறு வருஷத்தைப் பற்றி எழுதியது இரண்டு வருஷம் நிற்கவில்லை.

நிற்கிறவையும் இருக்கு. மதுரைத் திட்டம் 1998 தைப்பொங்கலன்று தொடங்கியது, நூலகம் 2005இல். இரண்டையும் பார்த்தால் அலங்காரம் குறைவு. மதுரைத் திட்டத்தின் கோப்புகளை முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் பிரதியெடுத்துப் பகிரலாம், அதனால் அவை ஒரே சேர்வரை நம்பி இல்லை. நூலகம் தன்னார்வலர்களின் முயற்சியாகத் தொடங்கி நிறுவனமாகவும் பதிவானது. மாறாக, யாஹூ 2009 ஒக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியபோது, அங்கே இலவசமாகக் குடியிருந்த பக்கங்கள் ஒரேயடியாகப் போயின. இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற சிலர் அள்ளி வைத்ததுதான் மிச்சம்.

ஊரில் மரண உதவிச் சங்கம் எப்படி நடக்குது? தலைவர் மாறுவார், பொருளாளர் மாறுவார், கொப்பி மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். மாசாமாசம் சின்னக் காசு. இணையத்தளத்துக்கும் அந்தக் கொப்பிதான் தேவை: பாஸ்வேர்ட்கள் எங்கே, அடுத்த கட்டணம் எப்போது, மூன்றாம் வருஷத்தில் யார், முதலாம் வருஷத்தில் யார். ஒருத்தர் பேரில் இல்லாமல் குழுவுக்கென்று ஒரு மெயில். வாசகர்கள் கோயில் உபயம் மாதிரி ஒரு வருஷக் கட்டணத்தை ஏற்றாலும் நல்லதுதான், ஆனால் பில் குழுவின் பேரில் வரட்டும். கட்டுரைகள் பாமினியில் வந்தால் யூனிகோடுக்கு மாற்றுகிற ஆளும் வேணும். யாருக்கும் பிடிக்காத வேலை அது. “ஸ்ரீ” உடைகிற இடத்தையெல்லாம் கையால் திருத்த வேணும்.

எங்களுக்குள் இன்னும் தீராத சண்டை பெயர் பற்றியது. டொட் எல்கே என்றால் ரூபாயிலேயே கட்டலாம், அதில் எல்லாருக்கும் சம்மதம். ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் பெயரும் 2010 முதல் இருக்கு. அதுதான் வேணும் என்று பாதிப் பேர். ஆனால் அந்த இணைப்பை வட்ஸ்அப்பில் ஒட்டினால் சில நேரம் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடுது, வைரஸ் என்று பயந்து யாரும் தொட மாட்டார்கள் என்று மற்றப் பாதி. இரண்டையும் வாங்க காசு இல்லை.