சுவருக்குள் இருப்பது என்ன?

நம் பாட்டனார் காலத்தில் சுவரில் ஆணி அடிப்பது வெகு சாதாரணமான காரியம். சுத்தியல் ஒன்று, ஆணி ஒன்று, விரலைப் பற்றிய கவலை கொஞ்சம், இவ்வளவுதான். சுவருக்குள் செங்கல்லையும் சுண்ணாம்பையும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. இன்றைய சுவர் அப்படிப்பட்ட சாதுவான பிராணி அல்ல. அதற்குள் மின்சாரக் கம்பிகள் ஓடுகின்றன. தண்ணீர்க் குழாய்களும் ஓடுகின்றன. எங்கே ஓடுகின்றன என்பது, கட்டிய மேஸ்திரிக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

சென்ற மாதம் ஒரகடத்தில் நண்பர் ஒருவருடைய புது வீட்டுக்குப் போயிருந்தோம். ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிரதேசம் அது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் செய்யத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை வந்தது. அவற்றைத் தொடர்ந்து வேறு பலவும் வந்தன. தொழிற்சாலைகளின் பின்னால் அடுக்கு மாடி வீடுகளும் அணி வகுத்து வந்துவிட்டன. நமது நண்பர் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்க்கும் உத்தியோகத்தில் இருப்பவர். தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் சாமானை நிராகரித்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் வீட்டுச் சமையலறையில், குடிநீர் சுத்திகரிக்கும் யந்திரத்தை மாட்ட ஒருவர் வந்தார். சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "இங்கே ஒன்றும் இல்லை, ஸார்!" என்று தீர்ப்புச் சொன்னார். டிரில்லிங் மெஷின் உறுமிற்று. அடுத்த நிமிஷம் அங்கே ஒரு சிறு குற்றாலம் உற்பத்தியாயிற்று. மொட்டை மாடிக்கு ஓடி வால்வைத் தேடிப் பிடித்து மூடுவதற்குள் அரிசி மூட்டை நனைந்துவிட்டது. அது போகட்டும். தண்ணீர் வழிந்த இடத்துக்கும் மின்சார ஸ்விட்ச் பெட்டிக்கும் இடையே இருந்தது ஒரு சாண் தூரந்தான். அதை நினைத்தால் இப்போதும் நமக்கு உடம்பு நடுங்குகிறது.

அன்று மாலையே நண்பர், சுவருக்குள் இருப்பதைக் காட்டும் டிடெக்டர் ஒன்று வாங்கிவிடத் தீர்மானித்தார். எதை வாங்குவது என்பதில்தான் தகராறு. கடையில் உள்ள கருவிகளெல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. செய்யும் வேலையோ ஒன்றுக்கொன்று வேறு.

உலோகத்தைத் தேடும் கருவிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1881-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டுவிட்டார்கள். குண்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல், மின்சாரச் சுருள்களைக் கொண்ட ஒரு கருவியுடன் வந்து தேடினார். கருவி ஏதேதோ சத்தம் கொடுத்ததே ஒழிய, குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிச் சுருள்கள் இருந்தன என்பது பின்னரே தெரிந்தது! டாக்டர்கள் தேடச் சொன்ன பக்கத்திலும் குண்டு இல்லை. செப்டம்பர் மாதத்தில் ஜனாதிபதி காலமானார்.

இப்போது விற்கும் சாதாரண டிடெக்டரும் அந்தக் கருவியின் பேரப்பிள்ளைதான். இரும்பு, தாமிரம் முதலிய உலோகங்களைக் காட்டும். மின்சாரம் உள்ள கம்பியையும் காட்டும். இடைத்தரமான ஒரு பிரபல கருவியின் பெட்டியில், இரும்புக்கு 120 மில்லிமீட்டர், தாமிரத்துக்கு 80, மின்சாரக் கம்பிக்கு 50 என்று ஆழம் போட்டிருக்கிறது. பேஷ்! ஆனால் நண்பர் வீட்டில் உடைந்தது எது? சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் குழாய். அதன் மேல் இந்தக் கருவியை எத்தனை தரம் நகர்த்தினாலும் மௌன விரதம் அனுஷ்டிக்கும். அந்த மௌனத்தை அனுமதி என்று எண்ணித் துளைத்தால் மறுபடியும் குற்றாலந்தான்.

தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குழாயைக் காட்டக்கூடியது ராடார் முறையில் வேலை செய்யும் கருவி. விலை பன்மடங்கு அதிகம். அதுவுங்கூட, காலியான குழாயைச் சில சமயம் தவறவிட்டுவிடும். ஆகையால் தேடும்போது குழாயில் தண்ணீர் நிறைந்திருக்கட்டும். வருஷத்துக்கு இரண்டு துளை போடுகிறவர்கள் இதைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. குடியிருப்புச் சங்கத்தார் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். மரப் பலகைச் சுவருக்கென்று மேல்நாட்டார் செய்யும் மலிவான கருவிகளோ, நமது செங்கல் சுவருக்கு உதவவே உதவா.

வாங்குமுன் உங்கள் சுவர் எந்த ஜாதி என்று விசாரியுங்கள். அலுமினிய அச்சு வைத்து முழுவதும் கான்கிரீட்டாக வார்த்த சுவர்கள் இப்போது பெருகி வருகின்றன. அவற்றுக்குள் எங்கும் கம்பி வலை. உலோக டிடெக்டரை வைத்தால், பெல்லின் மெத்தையைப் போல் இடைவிடாமல் கூவும்.

மின்சாரக் கம்பியைத் தேடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பியில் மின்சாரம் இருந்தால்தான் கருவிக்குத் தெரியும். ஸ்விட்சிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பி, ஸ்விட்சைப் போட்டால்தான் உயிர் பெறும். ஆகவே எல்லா ஸ்விட்சுகளையும் போட்டுவிட்டுத் தேடவேண்டும். துளைக்கும்போது மெயினை அணைத்துவிட வேண்டும். இவ்விடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மெயினை அணைத்த மறு க்ஷணம் இன்வெர்ட்டர் கண் விழித்துக்கொண்டு, தன் பங்குக் கம்பிகளுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது! அதையும் அணைத்தாக வேண்டும். ஈரச் சுவரிலோ, சுவர் முழுவதிலும் மின்சாரம் இருப்பதாகக் கருவி பொய் சொல்லும்.

எந்தக் கருவி வாங்கினாலும், முதலில் ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலே வைத்துப் பாருங்கள். அங்கே கம்பி இருப்பது அநேகமாக நிச்சயம். அதையே காட்டாத கருவியைக் கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நண்பர் கடைசியில் சாதாரணக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டார். குழாய்களுக்கு என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அதே ஒரகடத்தில் அவருடைய தங்கை வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் பூச்சு வேலை நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர் அங்கே போய், ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, குழாயும் கம்பியும் தெரியும்படி போட்டோ எடுத்து வந்திருக்கிறார். தம் வீட்டுக்கு மேஸ்திரியையே கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். அவர் இன்னும் வரவில்லை. சுத்திகரிக்கும் யந்திரம் இப்போதைக்கு மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது.