காமன் கூத்து பார்க்க வருகிறவர்களுக்கு

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் பொட்டலில் காமன் ஊன்றிவிட்டால், பௌர்ணமி வரை தோட்டத்தில் தப்புச் சத்தம் ஓயாது. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் கார்மென்ட்ஸிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகள் கடைசி இரவுக்கென்று லீவு கேட்டு வருகிறார்கள். வரும்போது கூட்டாளிகளையும் கூட்டி வருகிறார்கள். கெம்பஸ் பிள்ளைகள் கொப்பியும் கெமராவுமாக வருகிறார்கள். யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்தும் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், சிங்கள நண்பர்களும் வருகிறார்கள். வரட்டும், நமக்குச் சந்தோசம்தான். ஆனால் வருகிறவர்களில் நிறையப் பேர் எட்டு மணிக்கு வந்து, ரதி மதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு வேனில் ஏறிவிடுகிறார்கள். கூத்தின் நெஞ்சுப் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆகவே இந்தத் தடவை சம்பள விசயத்தை மற்றப் பக்கங்களுக்கு விட்டுவிட்டு இதை எழுதுகிறோம். (சம்பள விசயம் இதற்குள்ளும் வரும்.) வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

முதலில் திகதி. காமன் தகனம் மாசிப் பௌர்ணமியை ஒட்டித்தான். ஆனால் எல்லாத் தோட்டத்திலும் ஒரே இரவில் நடக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் தள்ளிப்போகும். பேஸ்புக்கில் வந்த நோட்டீசைப் பார்த்து வராமல், தோட்டத்தில் உள்ள ஒருவரிடம் இரண்டு நாளைக்கு முன் கேட்டுவிட்டு வாருங்கள். பௌர்ணமி போயா லீவு, பஸ் குறைவு. டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் கடைசி பஸ் பின்னேரத்தோடு போய்விடும். பிறகு ஓட்டோதான், இரவானால் அதற்கும் இரட்டைக் காசு கேட்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள். வந்ததும் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் படுத்து எழும்புங்கள். இது சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆடுகிற பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

மாசியில் மழை குறைவு, அட்டையும் குறைவு. குளிர் மட்டும் குறையாது. பகல் வெயிலைப் பார்த்து ஒரு டீசேர்ட்டோடு வருகிற பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்குப் பல் கிட்டி நிற்பதை வருசாவருசம் பார்க்கிறோம். கம்பளி அல்லது தடித்த சால்வை, தலைக்குத் தொப்பி, காலுக்கு மேஸ், கீழே விரிக்க ஒரு படங்குத் துண்டு, ஒரு டோர்ச், இவ்வளவு போதும். வழுக்குகிற செருப்பு வேண்டாம், லயத்திலிருந்து பொட்டலுக்குப் போகிற படிக்கட்டு பகலிலேயே ஆளை விழுத்தும். காமன் கம்பத்துக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கம்பத்தைத் தொட்டுப் பார்ப்பதும் சாய்ந்து நிற்பதும் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நமது வீடுகளில் வந்தவர்களை ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். அதற்காக எட்டுப் பேராக வந்து ஒரே காம்பிராவில் இறங்கினால் அந்த வீட்டு அம்மா என்ன செய்வார்? பகல் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, பூசைக்கும் பார்த்து, உங்களுக்கும் மா பிசைவார். வரும்போது இரண்டு கிலோ மா, சீனி, பால்மா என்று ஏதாவது கையில் கொண்டு வாருங்கள். கூத்து மாஸ்டர் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது பழைய வழக்கம். பொட்டலில் கச்சானும் கடலையும் விற்பவர்கள் பெரும்பாலும் நமது வீட்டுப் பெண்கள்தான், அவர்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

வருகிற பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. பொட்டலில் மலசலகூடம் கிடையாது. இருட்டில் தேயிலைப் பக்கம் போக வேண்டாம். போகப்போகிற வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று துணைக்கு வரும். உட்காரும்போது நமது அம்மாமார் பாய் விரித்திருக்கும் பக்கமாக உட்காருங்கள். அங்கிருந்தால் கதையும் கிடைக்கும். எந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று மைக்கில் சொல்கிறவரை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு இதில் ஆலோசனை இல்லை, வர வேண்டாம். போயாவுக்குக் கடை பூட்டு என்று முதல்நாளே வாங்கி பேக்கில் போட்டு வருவது நமக்குத் தெரியாமலில்லை. காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுகிற பிள்ளைகளின் நடுவில் வந்து ஒருவன் தள்ளாடினால், கூத்து நின்று சண்டை தொடங்கும். கடைசியில் கூத்தைப் பழிப்பார்கள், குடியைப் பழிக்க மாட்டார்கள்.

இனிக் கதை. சிவன் தவத்தில் இருக்கிறார். அந்தத் தவத்தைக் கலைக்க மன்மதன் வேண்டும் என்று தேவர்கள் முடிவெடுக்கிறார்கள், தூதன் ஓலையோடு வருகிறான். ரதி கெட்ட கனாக் கண்டவள், போக வேண்டாம் என்று மறிக்கிறாள். அந்தத் தர்க்கம் பாட்டும் ஆட்டமுமாக நெடுநேரம் போகும். மேலிடத்து உத்தரவு என்று மன்மதன் கரும்பு வில்லோடு புறப்படுகிறான், நெற்றிக்கண் திறந்து எரிந்துபோகிறான். அனுப்பியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. (நமது பாட்டன்மார் இந்தக் கதையை ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.) பிறகு ரதியின் புலம்பல். ஆண்பிள்ளை ஒருவன்தான் ரதி வேடம் கட்டியிருப்பான். ஆனாலும் அந்த ஒப்பாரி எழும்போது பாயில் இருக்கிற அம்மாமார் தங்கள் வீட்டில் போனவர்களை நினைத்து அழுவார்கள். பன்னிரண்டு மணிக்கு வேன் ஏறியவர்கள் பார்க்காமல் போவது இதைத்தான்.

எமனும் வீரபத்திரனும் காளியும் இறங்கும்போது கூட்டம் பிளந்து வழிவிடும். நீங்களும் விலகுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். வேடம் கட்டியவருக்குச் சாமி வந்துவிட்டால், சுற்றியிருக்கும் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே போன் லைட்டை அடிப்பது அந்த நேரத்தில் பெரிய கூடாத காரியம்.

போனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். வீடியோ எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், லைட் இல்லாமல் எடுங்கள், முன்வரிசையில் எழும்பி நின்று பின்னால் இருப்பவர்களை மறைக்காதீர்கள். பாயில் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்குகிற தாயை எடுக்காதீர்கள். காலையில் லயத்து இஸ்தோப்பையும் பீலியையும் எடுத்து, சோகப் பாட்டுப் போட்டு, ‘பாவப்பட்ட சனம்’ என்று எழுதுவது இன்னும் மோசம். இரவு முழுக்க ஒரு தோட்டமே சேர்ந்து இவ்வளவு பெரிய கூத்தை நடத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படி எழுதக் கை வருமா?

ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகள் பதிவு செய்ததில் ஒரு பிரதியைத் தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். பென்டிரைவில் போட்டு மாஸ்டர் கையில் கொடுத்தால் போதும். தொழிற்சங்கக்காரரான சி.வி. வேலுப்பிள்ளை நமது பாடல்களைத் தேடிச் சேர்த்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று புத்தகமாக்கி வைத்ததால்தான் பல பாட்டுகள் இன்றைக்கு எழுத்தில் இருக்கின்றன. மாஸ்டர்மாரின் கொப்பிகள் கரையான் அரித்துப்போகின்றன, பாட்டு அவர்களோடு போகிறது. எடுத்துக்கொண்டு போனவர் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பிள்ளை பழகும்.

இனித் தப்பு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மலைக் குளிரிலும் பனியிலும் தப்பின் தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் சத்தம் கணீரென்று எழும்பும். அதற்காகத்தான் பொட்டலின் ஓரத்தில் நெருப்பு மூட்டுகிறோம். முதல் தடவை வருகிறவர்கள் அதைக் குளிர்காயும் நெருப்பு என்று நினைத்துச் சுற்றி நின்றுவிடுகிறார்கள், தப்புக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கிறார். வழிவிடுங்கள். அந்த இடைவெளியில் கூத்து முடிந்துவிட்டது என்று எழும்பிப் போகவும் வேண்டாம். சூடு ஏறிய தப்பு திரும்ப வரும்போது அடி மாறும், ஆளுக்கு ஆள் அடி மாறும், கோமாளிக்கு ஒரு அடி, எமனுக்கு ஒரு அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் வருகிறார்கள் என்று தெரிகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.

ஒரு காலத்தில் விடியற்காலையில் நமது பாட்டன் பாட்டிமாரைப் பிரட்டுக்கு எழுப்பியதும் இந்தத் தப்புத்தான். சாவு வீட்டுக்கும் அதுதான், திருவிழாவுக்கும் அதுதான், மேதின ஊர்வலத்துக்கும் அதுதான். அப்படியிருந்தும் தப்பைச் சாதியோடு கட்டிவைத்து, அடிப்பவரை ‘வா, போ’ என்று கூப்பிடும் வழக்கம் இன்னும் சாகவில்லை. அறுபது வயது ஆளைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், பெரியவர்கள் கேட்டும் கேளாதவர்கள் போல் இருக்கிறார்கள். தப்புக்காரரின் மகன் தப்பைத் தொட மாட்டேன் என்கிறான் என்றால் அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் அண்ணன், மாமா, ஐயா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தால், அதைப் பார்க்கிற உள்ளூர்ப் பையனுக்கும் கொஞ்சம் உறைக்கும்.

காசு விசயத்தை நமக்குள்ளேயே பேசிக்கொள்வோம், கூத்துக் கமிட்டிக்காரரும் கேளுங்கள். சவுண்ட் செட்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம். ஜெனரேட்டருக்கு முன்பணம். பந்தலுக்கு முன்பணம். தப்புச் செட்டுக்குப் பல இடங்களில் விடிந்த பிறகுதான் கணக்குப் பார்க்கப்படுகிறது, தட்டில் விழுந்ததில் ஒரு பங்கும் ஒரு போத்தலும். மலையில் செய்த வேலைக்குக் கூலிக்குப் பதிலாகப் போத்தலை நீட்டினால் நாம் வாங்குவோமா? இது சாமி காரியம், விலை பேசக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவர் சாமி காரியம் என்று சும்மா ஊற்றவில்லை.

நமது யோசனை இது. கமிட்டியின் கணக்குக் கொப்பியில் முதல் செலவாகத் தப்புச் செட்டை எழுத வேண்டும். கடைசி இரவுக்கு ஆளுக்கு இரண்டு பேர் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், இரவு முழுக்க அடித்ததற்கு ஒன்று, தூக்கமில்லாமல் மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் போகிற பேருக்கு ஒன்று. வெறுங்கையோடு வந்து படமெடுத்துப் போகிறவர்களின் தட்டுக்காசும் இதற்கு உதவும். வருகிறவர்கள் கொழும்பிலிருந்து வர பஸ்ஸுக்குக் கொடுத்த அளவாவது தட்டில் போடுங்கள். தப்புச் செட்டுக்கு என்று சொல்லிப் போடுங்கள், கொப்பியில் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆடுகிறவரின் சட்டையில் நோட்டுக் குத்துவதை விட அது நல்லது.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் இடம் கிடைக்காது, அவசரப்படாமல் இரண்டாவதற்கு இறங்குங்கள். பொட்டலில் கிடக்கும் பொலித்தீன் பையையும் வெறும் போத்தலையும் பொறுக்கிக்கொண்டு போனால், அன்றைக்கு மலைக்குப் போக வேண்டிய நமது பெண்களுக்கு ஒரு வேலை குறையும். லீவு கூட இருந்தால் இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள். எரிந்த காமனை மூன்றாம் நாள் எழுப்புவார்கள். அதற்குக் கூட்டமும் இருக்காது, சவுண்ட் செட்டும் இருக்காது. தப்பு மட்டும் இருக்கும், நன்றாகக் கேட்கும்.